போன வருசப் புள்ளியைக் கட்டிக்கிட்டு அழுங்க!

முதல்லயே சொல்லிடறேன், இது சண்டைப் பதிவு. யார் யாருக்கு எழுதறேன்னு அவங்கவங்களுக்குத் தெரியும். படிச்சுட்டு நேர்ல வந்து திட்டினாலும் சரி, ஃபோன்ல திட்டினாலும் சரி.

விசயத்துக்கு வர்றேன். எங்க செட்டுல எட்டு பேர். புரோ கபடி சீசன் தொடங்கறதுக்கு முன்னாடி உப்பிலியபுரத்துல ஒருத்தன் வீட்டு மொட்டை மாடியில நோட்டுப் புத்தக ஏலம் நடக்கும். நிஜப் பணம் பத்து பைசா கிடையாது. நிஜ அணிகளுக்கு இருக்கற மாதிரியே ஆளுக்கு 5 கோடி, எல்லாம் காகிதத்துல. ஆளுக்கு மூணு ரைடர், நாலு டிஃபென்டர் எடுக்கணும். சீசன் முழுக்க அவங்க எடுக்கற புள்ளியை ஒரு நீளமான கணக்கு நோட்டுல எழுதிக் கூட்டிக்கிட்டே வருவோம். கடைசி இடம் வர்றவன் மத்த ஏழு பேரையும் புளியஞ்சோலைக்குக் கூட்டிட்டுப் போய் சாப்பாடு போடணும். அவ்வளவுதான் பந்தயம்.

இந்த ஏலத்துல வருசா வருசம் ஒரு கூத்து நடக்கும். நம்ம ஆளுங்க ஃபோனைத் திறப்பாங்க. போன சீசன்ல யார் அதிக ரைடு புள்ளி எடுத்தாங்கன்னு ஒரு பட்டியல் இருக்கும். மேலேர்ந்து கீழ அதே வரிசையில ஏலம் கேப்பாங்க. முதல் பேருக்கு மூணு கோடி, ரெண்டாவது பேருக்கு ரெண்டரை கோடி... மிச்சக் காசுல நாலு டிஃபென்டரையும் பிச்சைக்கார விலைக்கு வாங்குவாங்க. அட, இதுக்கு எதுக்குய்யா ஏலம்? ரேஷன் கடை க்யூ மாதிரி வரிசையா நின்னு ஆளுக்கு ஒண்ணு வாங்கிட்டுப் போயிடலாமே!

என் கட்சி இதுதான்: ஒரு ரைடரை எடை போடறதுக்குப் போன வருச மொத்தப் புள்ளியை விட மோசமான படிக்கல் கிடையாது. ஏன்னு சொல்றேன்.

நான் பி.காம். எங்களுக்குக் காஸ்ட் அக்கவுண்டிங்ல கூலிக் கணக்குன்னு ஒண்ணு வரும். ஒருத்தன் இந்த மாசம் அதிகமா சம்பாதிச்சிருக்கான்னா ரெண்டு காரணம் இருக்கலாம். அதிக நேரம் வேலை செஞ்சிருப்பான், இல்ல மணிக்கு அதிகக் கூலி வாங்கியிருப்பான். ரெண்டையும் பிரிச்சுப் பாக்காம மொத்தத்தை மட்டும் பாக்கறவனுக்கு எங்க வாத்தியார் முட்டை போடுவார். கபடியும் அதேதான். புள்ளிங்கறது எத்தனை ரைடு போனான், ஒரு ரைடுக்கு எவ்வளவு எடுத்தான்ங்கற ரெண்டோட பெருக்கல்.

இப்ப ரைடு எத்தனை இருக்குன்னு பாருங்க. ஆட்டம் 40 நிமிசம். ஒரு ரைடுக்கு 30 விநாடி. அப்ப ஒரு ஆட்டத்துல ஏறக்குறைய 80 ரைடு, ஒரு அணிக்கு 40. இது அளவுச் சாப்பாடு மாதிரி. எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் இந்த நாப்பதுலதான் பங்கு. முதல் ரைடர் பாதிக்குக் கிட்ட எடுத்துக்குவான், ரெண்டாவது ஆள் பத்துப் பன்னெண்டு, மிச்சம் மீதி மத்தவங்களுக்கு. அதனால ஏலத்துக்கு முன்னாடி கேக்க வேண்டிய முதல் கேள்வி "இவன் எவ்வளவு எடுத்தான்" இல்ல. "இந்த அணியில நாப்பதுல எத்தனை இவனுக்குக் கிடைக்கும்"ங்கறதுதான்.

ஆதாரம் கேப்பீங்க. தர்றேன்.

பவன் ஷெராவத். 2017 சீசன்ல குஜராத் அணியில இருந்தார். அங்க முதல் ரைடர் சச்சின் தன்வர். பவன் பாதி நாள் வெளிய உக்காந்திருந்தார், எடுத்த புள்ளியும் விரல் விட்டு எண்ணற அளவுதான். நம்ம ஆளுங்க பட்டியல்ல அவர் பேர் எந்த மூலையில இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. 2018ல பெங்களூரு புல்ஸுக்குப் போனார். ரைடு அவர் கைக்கு வந்துச்சு. 271 ரைடு புள்ளி. 2019 ஜனவரி 5 அன்னிக்கு இறுதிப் போட்டியில அவரை உக்கார வெச்ச அதே குஜராத்துக்கு எதிரா 22 புள்ளி எடுத்து 38-33னு கோப்பையைத் தூக்கிக் கொடுத்தார். ஒரு வருசத்துல அவர் காலு நீளமா வளந்துடுச்சா? அதே ஆள், அதே கால். ரைடு எண்ணிக்கைதான் மாறுச்சு.

அடுத்தது நம்ம வீட்டுக் கதை. 2022ல தமிழ் தலைவாஸ் இதே பவனை 2.26 கோடிக்கு எடுத்தாங்க. அப்ப வரைக்கும் லீக் வரலாற்றுலயே அதிக விலை. முதல் ஆட்டத்துலயே முழங்கால்ல அடிபட்டு சீசன் முடிஞ்சுது. ஊரே துக்கம் கொண்டாடுச்சு. அந்த இடத்துல நரேந்தர்னு ஒரு புதுப் பையன். ரைடு அத்தனையும் அவன் தலையில விழுந்துச்சு. 240க்கு மேல எடுத்தான். தலைவாஸ் முதல் தடவையா அரையிறுதிக்குப் போச்சு. எங்க நோட்டுல அவன் பேரை எழுதக்கூட யாரும் இல்ல, ஏன்னா "போன வருசம்"னு ஒண்ணே அவனுக்குக் கிடையாது.

மூணாவது, பாட்னா. 2024ல தேவாங்க் தலால் 301 ரைடு புள்ளி. (பேரைக் கேட்டுச் சிரிச்ச எங்க பயலுக ரைடைப் பாத்து வாயை மூடிக்கிட்டானுங்க.) அதே அணியில ரெண்டாவது ஆளா அயன் லோச்சப், 180 சொச்சம். 2025 ஏலத்துல தேவாங்கை பெங்கால் அணி 2.205 கோடிக்குத் தூக்கிட்டுப் போயிடுச்சு. இப்ப கணக்குப் போடுங்க: பாட்னாவுல முதல் ரைடர் விட்டுட்டுப் போன பாதி ரைடு அநாதையாக் கிடக்கு. யார் எடுப்பா? எங்க மாடியில அன்னிக்கு எல்லாரும் தேவாங்குக்கு அடிச்சுக்கிட்டாங்க. நான் 60 லட்சத்துக்கு அயனைக் கேட்டேன். "மாப்ள, ரெண்டாவது ஆளுக்கு இவ்வளவாடா"ன்னு சிரிச்சாங்க. 2025 சீசன்ல அயன் 300ஐத் தாண்டிட்டான். புளியஞ்சோலையில நான் ஓசிச் சாப்பாடு சாப்பிட்டேன் :-)

தம்பட்டம் போதும். நானும் மண்ணைக் கவ்வியிருக்கேன், அதையும் சொல்லணும். 2024ல தலைவாஸ் சச்சின் தன்வரை 2.15 கோடிக்கு எடுத்தாங்க. நம்ம ஊர் அணி, பெரிய பேர், கை சும்மா இருக்குமா? நோட்டுல ரெண்டு கோடிக்கு மேல கொட்டினேன். அந்த அணியில ஏற்கனவே நரேந்தர் இருக்கான், ஒரு அடுப்புல ரெண்டு சட்டி வைக்க முடியாதுன்னு எனக்கே தோணல. நரேந்தர்தான் அதிகம் எடுத்தான், தலைவாஸ் 9ஆம் இடம், நான் எட்டுல எட்டு. அந்த வருசம் புளியஞ்சோலைச் செலவு என்னது. ஆக, இந்த ஞானமெல்லாம் காசு கொடுத்து வாங்கினதுதான்.

சரி, இன்னொரு ஓட்டை. மொத்தத்தை மொத்தத்தோட ஒப்பிடறது. ஒரு சீசன்ல அதிக ரைடு புள்ளி யாருன்னு கேட்டா எல்லாரும் பர்தீப் நர்வால், 2017, 369ம்பாங்க. உண்மைதான். ஆனா அது 26 ஆட்டத்துல. 2019ல பவன் 346, அது 24 ஆட்டத்துல. வகுத்துப் பாருங்க: பர்தீப் 14.2, பவன் 14.4. சாதனை ஒருத்தர் பேர்ல இருக்கு, சராசரி இன்னொருத்தர் பக்கம் ஒரு முடி அளவு முன்னாடி இருக்கு. 2024 வரைக்கும் லீக்ல அணிக்கு 22 ஆட்டம், 2025ல 18 ஆட்டம். இந்த ரெண்டு வருசப் பட்டியலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு "இவன் இறங்கிட்டான்"னு சொல்றவனை என்ன பண்றது? வகுத்தல் நாலாங்கிளாஸ் பாடம் சாமி.

இன்னும் நுணுக்கமா ஒண்ணு. ரைடர் மாட்டிக்கிட்டா வெளிய போய் உக்காரணும். அவனைத் திரும்ப உள்ள கொண்டு வர்றது யாரு? அவன் அணியில இன்னொருத்தன் யாரையாவது தொட்டுட்டு வரணும், இல்ல டிஃபென்டர் பிடிக்கணும். ஒரு ஆள் அவுட் ஆனா ஒரு ஆள் உள்ள வருவான். பிடிக்கத் தெரியாத அணியில இருக்கற முதல் ரைடர் மாட்டினா ரெண்டு மூணு நிமிசம் பெஞ்சுல உக்காந்து தண்ணி குடிச்சுட்டு இருக்கணும். அந்த நேரத்துல அவன் போக வேண்டிய ரைடெல்லாம் வேற எவனோ போவான். ஆக, ரைடரை வாங்கறதுக்கு முன்னாடி அவன் அணியோட கார்னர் ரெண்டு பேரையும் பாக்கணும். இதைச் சொன்னா "ரைடரை வாங்க டிஃபென்டரை எதுக்குடா பாக்கறே"ன்னு கேக்கறான் ஒருத்தன். பொண்ணு பாக்கப் போற வீட்டுல மாமியாரைப் பாக்கறதில்லையா?

தெலுங்கு டைட்டன்ஸ் 2023ல பவனை 2.605 கோடிக்கு எடுத்தாங்க. அவர் ஏமாத்தல, 200 புள்ளிக்கு மேல எடுத்தார். கிட்டத்தட்ட ஒரு புள்ளிக்கு ஒண்ணே கால் லட்சம்னு வெச்சுக்குங்க. அணி 22 ஆட்டத்துல ரெண்டே ரெண்டு ஜெயிச்சு கடைசி இடம். அதே ஏலத்துல புனே 2.35 கோடி கொடுத்து முகமதுரேசா ஷாத்லூயிங்கற ஈரான்காரரை எடுத்தாங்க. அவர் முக்கியமா பிடிக்கற ஆள். அந்த சீசன் கோப்பை புனேக்கு. ரெண்டு பெரிய விலை, ரெண்டு வேற வேற கதை.

அடுத்து போனஸ். எதிர்க் களத்துல ஆறு பேரோ அதுக்கு மேலயோ இருந்தா போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வெச்சா ஒரு புள்ளி. பட்டியல்ல தொட்ட புள்ளியும் போனஸ் புள்ளியும் ஒண்ணாத்தான் தெரியும். ஆனா ஆட்டத்துல ஒண்ணு இல்ல. போனஸ் எடுத்தா எதிராளி ஒருத்தனும் வெளிய போக மாட்டான், நம்ம ஆள் ஒருத்தனும் உள்ள வர மாட்டான். தொட்டா ரெண்டும் நடக்கும். பத்துப் புள்ளியில ஏழு போனஸ் எடுத்தவனும், பத்துமே தொட்டு எடுத்தவனும் பட்டியல்ல சமம். எங்க நோட்டுலயும் சமம்தான். அதை மாத்தணும்னு மூணு வருசமா கத்தறேன், ஏழுக்கு ஒண்ணுன்னு ஓட்டுப் போட்டுத் தோக்கடிக்கறாங்க.

இதெல்லாம் வெறும் நோட்டு விளையாட்டு, இதுக்கு ஏன் இவ்வளவு கோவம்னு கேக்கறீங்களா? சொல்றேன்.

எங்க ஊர்ல ஒரு அண்ணன். பேர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. ஊர் டீம்ல மூணாவது ரைடர். நம்ம பக்கம் பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் லைட்டுக் கட்டி ராத்திரி முழுக்க கபடி நடக்கும், இப்பல்லாம் புரோ ரூல்தான். தொடர்ந்து ரெண்டு ரைடு காலியாப் போனா மூணாவது ரைடுல புள்ளி எடுத்தே ஆகணும், இல்லன்னா ரைடர் அவுட். டூ ஆர் டை. எங்க டீம்ல அந்த மூணாவது ரைடுக்கெல்லாம் இந்த அண்ணனைத்தான் அனுப்புவாங்க. முதல் ரைடர் அவுட் ஆகிட்டா ஆட்டம் போயிடும், அதனால மாட்டினா பரவால்லங்கற ஆளை அனுப்பறது. எதிராளிக்குத் தெரியும் இவன் வந்தே ஆகணும்னு. கோட்டைத் தொட்டுட்டுத் திரும்ப முடியாது. ஏழு பேரும் சங்கிலி கோத்துக்கிட்டு வாயைப் பிளந்துக்கிட்டு நிப்பான். அதுக்குள்ள போறது ஒரு வேலை. முழங்கை தேஞ்சு, புருவம் கிழிஞ்சு, பாதி தடவை மாட்டி, பாதி தடவை தொட்டுட்டு வருவார். அவர் பாதி தடவை வந்ததாலதான் முதல் ரைடர் களத்துல நின்னு பேர் வாங்கினார்.

பிளஸ் டூ முடிச்சுட்டு ஒரு கல்லூரியில விளையாட்டு ஒதுக்கீட்டுக்குப் போனார். அங்க கேட்டது ஒரே கேள்வி: டோர்னமெண்ட்ல எத்தனை புள்ளி? கையில இருந்த தாள்ல நாலு ஆட்டத்துல 11னு இருந்துச்சு. எத்தனை ரைடு, எந்த மாதிரி ரைடு, அந்தத் தாள்ல கட்டமே இல்ல. இன்னொரு பையன் 30 சொச்சம். அதுல முக்கால்வாசி, ஏழு பேர் நிக்கறப்ப ஓரமா ஓடிப் போய்க் காலை வெச்சுட்டு வந்த போனஸ். சீட்டு அவனுக்கு. அவன் மேல தப்பில்ல. அந்தக் கட்டம் இல்லாத தாள் மேலதான் எனக்குக் கோவம். அண்ணன் இப்ப துறையூருக்கு லோடு வண்டி ஓட்டறார். பொங்கலுக்கு இன்னும் வர்றார், இன்னும் மூணாவது ரைடுதான்.

பெரிய மேடையிலயும் இதே கதைதான். 2019 அக்டோபர் 19, அகமதாபாத், இறுதிப் போட்டி. பெங்கால் வாரியர்ஸோட முதல் ரைடர் மணிந்தர் சிங் தோள்ல அடிபட்டு ஆடவே இல்ல. எதிர்ல டெல்லி, அதுல நவீன் குமார். நவீன் அன்னிக்கு 18 புள்ளி எடுத்தார். புள்ளிதான் எல்லாம்னா கோப்பை டெல்லிக்குப் போயிருக்கணும். 39-34, பெங்கால் ஜெயிச்சுது. நபிபக்ஷ், சுகேஷ் ஹெக்டே, நம்ம தமிழ்நாட்டுப் பிரபஞ்சன்னு பட்டியல்ல ரெண்டாவது மூணாவது இடத்து ஆளுங்க பங்கு போட்டு ரைடு போய் ஜெயிச்சாங்க. அந்த வருசம் எங்க ஏலத்துல பிரபஞ்சனை எவனாவது கேட்டிருப்பானா? அப்ப நாங்க பள்ளிக்கூடப் பசங்க, ஏலமே இல்ல. ஆனா கேட்டிருக்க மாட்டானுங்கன்னு சத்தியம் பண்ணுவேன்.

இனி எதிர்க்கட்சி. "கபடியைக் கணக்குல பாக்கறவனுக்குக் கபடி தெரியாது, மண்ணுல இறங்கி ஆடினாத்தான் தெரியும்" - இது ஒரு பிரபல வசனம். எங்க மாடியில வாரத்துக்கு ரெண்டு தடவை கேக்கும். நான் ஒத்துக்கறேன், ஒரு அளவுக்கு. 2022ல பவனுக்கு முதல் ஆட்டத்துல அடிபடும்னு எந்த நோட்டும் சொல்லியிருக்காது. ஒரு பையன் காலை எடுத்து வெக்கறதைப் பாத்தே "இவன் வருவான்"னு சொல்ற பெரியவங்க நம்ம ஊர்ல டீக்கடைக்கு ஒருத்தர் இருக்காங்க. அவங்க முன்னாடி நான் வாயைத் திறக்க மாட்டேன். ஆனா இந்த வசனத்தைச் சொல்றவன் அந்தப் பெரியவர் இல்லையே! ஃபோன்ல மொத்தப் புள்ளிப் பட்டியலைத் திறந்து வெச்சுக்கிட்டே "கணக்கு உதவாது"ங்கறான். நீயும் கணக்குதாண்டா பாக்கறே, தப்பான கணக்கு பாக்கறே.

இந்தத் தப்பான கணக்குக்குப் பின்னாடி ஒரு வியாபாரமும் நடந்துச்சு. பணம் கட்டி அணி அமைக்கற ஆப்கள் 2025 ஆகஸ்ட்ல வந்த மத்திய சட்டத்துக்கு அப்புறம் கடையை மூடினாங்க. அதுவரைக்கும் என்ன சொன்னாங்க? இது சூதாட்டம் இல்ல, திறமை. சரி, திறமைன்னா ரைடு எண்ணிக்கையைக் கண்ணுல படற இடத்துல காட்டியிருக்கணும்ல? என் ரூம்மேட் ஒருத்தன் ஆடின ஆப்ல பளிச்சுன்னு தெரிஞ்சதெல்லாம் மொத்தப் புள்ளியும், எத்தனை பேர் இவரை எடுத்திருக்காங்கங்கற சதவீதமும்தான். ஊரே எடுத்தவனை எடுத்துட்டு ஊரை எப்படி ஜெயிக்கறது? அவன் செமஸ்டர் ஃபீஸ்ல பாதி அதுல போச்சு. வீட்டுல இன்னும் சொல்லல. எங்க நோட்டுல காசு வெக்கக் கூடாதுன்னு நான் பிடிவாதமா நிக்கறதுக்கு இதுதான் காரணம், கஞ்சத்தனம் இல்ல.

பர்தீப் நர்வால் விசயத்தைச் சொல்லாம விட்டா என் மனசு கேக்காது. முங்கி வர்றதுல அவருக்கு நிகர் இல்ல, அவர் ரசிகன்தான் நானும். பாட்னாவுல மூணு கோப்பை. 2021 ஏலத்துல யு.பி. யோதா 1.65 கோடி கொடுத்தாங்க, அப்ப அதுதான் சாதனை விலை. வாங்கினது 2017ஓட 369ஐ. வந்தது 2021ஓட ஆள். 2024ல பெங்களூரு 70 லட்சத்துக்கு எடுத்துச்சு. 2025 ஏலத்துல கேக்க ஆள் இல்ல, 1801 ரைடு புள்ளியோட ஓய்வு அறிவிச்சார். லீக்லயே அவ்வளவு யாரும் எடுத்தது கிடையாது. அந்த மனுசன் பேர் வந்தப்ப எந்த மேசையிலயும் கை தூக்காம இருந்ததை நினைச்சா இன்னும் ஒரு மாதிரி இருக்கு. எங்க மாடியில ஒருத்தன் மட்டும் "மரியாதைக்கு"ன்னு அஞ்சு லட்சம் காகிதக் காசு கேட்டான். அவன் கணக்குல வீக்குதான். அன்னிக்கு நான் ஒண்ணும் சொல்லல.

அடுத்த ஏலத்துக்கு நான் என்ன பண்ணப் போறேன்னு சொல்லிடறேன், ஒளிக்க ஒண்ணும் இல்ல. யார் எந்த அணியை விட்டுப் போனாங்கங்கற பட்டியலை முதல்ல எடுப்பேன். போன இடத்துல எத்தனை ரைடு காலியா இருக்குன்னு எழுதுவேன். அந்த அணியில ஏற்கனவே ரெண்டாவதா இருந்த பையன் பேரைப் பக்கத்துல எழுதுவேன். கார்னர் ரெண்டும் எப்படின்னு பாப்பேன். அதுக்கப்புறம்தான் புள்ளிக் கட்டத்தைத் திறப்பேன். இந்தப் பொங்கலுக்கு நம்ம ஊர் மேட்சுலயும் ஒரு நோட்டோட உக்காரப் போறேன். ரைடு, காலி ரைடு, மூணாவது ரைடு, தொட்டது, போனஸ்னு அஞ்சு கட்டம் போட்டு வெச்சாச்சு. அண்ணன்கிட்ட சொன்னேன். "எழுதி என்னடா பண்ணப் போறே"ன்னார். "சும்மாதாண்ணே"ன்னேன்.

டிஸ்கி: போனஸுக்கு அரைப் புள்ளிங்கற என் தீர்மானத்தை இந்த வருசமும் கொண்டு வர்றேன். ஆதரவு தர்றவனுக்குத் துறையூர் பஸ் ஸ்டாண்டுல ரெண்டு பரோட்டா.